நிறைத்து வைத்த ரவைக்கூடு

தமிழிலே 'வில்' என்னும் ஒரு சொல் இரண்டு பொருள்களைக் குறிக்கின்றது. அம்பு எய்வதற்கு வேடன் வளைத்த மூங்கிலும் வில். கடிகாரத்தின் உள்ளேயும் பேனாவின் உள்ளேயும் சுருண்டு கிடக்கும் உருக்குக் கம்பியும் வில். பெயர் ஒன்றாயிருப்பதனாலே போலும், முன்னதைப் பற்றி நம்மவர் கொண்டிருந்த அச்சம் பின்னதையும் தொற்றிக்கொண்டுவிட்டது. நாணேற்றியபடியே வைத்த வில் நாளடைவில் வலி குன்றும் என்பது வேடர்கள் அனுபவத்திலே கண்ட உண்மை. வேட்டை முடிந்ததும் அவர்கள் நாணைக் கழற்றிவிட்டே வில்லைச் சுவரில் சாத்தினார்கள். அவ்வாறாயின், அமுக்கியபடியே வைத்த உருக்கு வில்லும் ஒருநாள் தளர்ந்து போகத்தானே வேண்டும் என்று எண்ணுவது இயல்பேயாகும்.

எம்மிடம் உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவன் இந்த ஐயத்தைத்தான் எழுப்பினான். அவனுடைய தாய்மாமன் இரத்தினபுரியில் இரத்தினக்கல் வணிகர் ஒருவரின் வீட்டில் வேலை பார்த்தவர். அவ்வணிகர் அனுமதிப்பத்திரத்துடன் கைத்துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். "சேர், ரவைக்கூட்டை எந்நேரமும் நிறைத்தே வைத்தால் உள்ளே இருக்கும் வில் தளர்ந்து போகுமா? திருடன் வருகின்ற நேரத்தில் ரவை மேலே எழும்பாமல் நின்றுவிடுமா? முதலாளி மாதத்துக்கு ஒரு தரம் ரவைகளை எல்லாம் கழற்றி வில்லுக்கு ஓய்வு கொடுக்கிறார். அது சரிதானா?" என்று அவன் கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று பௌதிகம் தருவது. மற்றொன்று நாம் பிறந்து வளர்ந்த இந்தச் சபரகமுவ மலைகள் தருவது. இரண்டையும் வாசக அன்பர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ரவைக்கூடு என்பது ஒடுங்கிய தகரப் பெட்டி போன்றது. அதன் அடியிலே நீண்ட சுருள்வில். வில்லின் தலையிலே ஒரு சிறு தட்டு. தட்டின்மேல் ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். வாயின் இரு ஓரங்களும் உட்புறம் மடிந்து, ரவை வெளியே துள்ளிவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு ரவை வெடித்து வெளியேறியதும் அடுத்ததை அதன் இடத்துக்குத் தூக்கிவிடுவது அந்த வில்லின் வேலை. வில் சோர்ந்தால் ரவை ஏறாது. துப்பாக்கி இடையிலே சிக்கி நின்றுவிடும். எனவே மாணவனின் ஐயம் வெறும் பேதைமையன்று.

ஆங்கில நாட்டு அறிஞர் ரொபேட் ஊக் என்பவர் 1678ஆம் ஆண்டிலே வில்லைப் பற்றிய தம் விதியை விளக்கி வெளியிட்டார். வில் எவ்வளவு நீளுகின்றதோ, அல்லது எவ்வளவு குறுகுகின்றதோ, அந்த அளவுக்கு அதன் விசையும் இருக்கும் என்பதே அதன் சாரம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிப்பது எளிது. நம் இளமைக் காலத்திலே மாலை வேளையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொங்கிய தராசு விற்றராசுதான். கூடையை மாட்டியதும் முள் இறங்கும். கூடையை எடுத்ததும் முள் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அவ்வாறு மீளுந்தன்மைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு உட்பட்டு எவ்வளவு அமுக்கினாலும் வில் மீண்டு வரும். எல்லையைக் கடந்து அமுக்கினால் ஒரு நாழிகையிலேயே அது கெட்டுவிடும். வில்லைக் கெடுப்பது காலத்தின் நீளமன்று. சுமையின் அளவே என்பது இதனாற் புலப்படும்.

அப்படியாயின் மூங்கில் வில் ஏன் தளர்கின்றது? மரமும் மூங்கிலும் நார்களால் ஆனவை, ஈரத்தை உறிஞ்சுபவை. நெடுநேரம் வளைந்த நிலையிலே இருக்கும்போது நார்கள் மெல்ல மெல்ல நழுவி, அந்த வளைவுக்கே தம்மைப் பழக்கிக்கொள்கின்றன. கனமான புத்தகங்களைச் சுமந்த பலகைத் தட்டு சில ஆண்டுகளில் நடுவே தொய்ந்துவிடுவதும் இதனாலேதான். உருக்கின் இயல்பு வேறு. மிக உயர்ந்த வெப்பத்தில் அதுவும் நழுவும். வீட்டு அலுமாரியின் வெப்பத்தில் அந்த நழுவல் மிகச் சிறிது. அந்தச் சிறிதும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நிகழ்ந்து, பின்னர் ஏறக்குறைய நின்றுவிடும். வில் செய்பவர்கள் இதனை அறிந்து, புதிய வில்லைத் தொழிற்சாலையிலேயே சில தடவைகள் முற்றாக அமுக்கி, குறுக வேண்டிய அளவு குறுகச் செய்த பிறகே வெளியே அனுப்புவதுண்டு.

இதனை மாணவர்கள் தம் கண்ணாலேயே காணட்டும் என்று, பேனாக்களிலிருந்து கழற்றிய ஆறு சிறு வில்களை ஆணிகளிற் கோத்து, மரையால் இறுக்கி, ஒரு தவணை முழுவதும் வகுப்பறை அலுமாரியில் வைத்தோம். வாரத்துக்கு ஒரு தரம் மரையைத் தளர்த்தி, வில்லின் நீளத்தை அளந்து எழுதினார்கள். முதல் வாரத்தில் வில்கள் மயிரிழை அளவு குறுகின. அதற்குப் பின்னர் தவணை முடியும்வரை எம்முடைய அளவுகோலுக்கு எட்டக்கூடிய மாற்றம் எதுவும் தோன்றவில்லை.

உருக்கை உண்மையிலே களைப்படையச் செய்வது ஓய்வில்லாத அசைவு. வேலி கட்டும் கம்பியைக் கையால் முறிக்க முடியாத சிறுவன், அதனை இப்பாலும் அப்பாலுமாகப் பல தடவை வளைத்து முறித்துவிடுகின்றான். ஜேர்மனியப் பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே புகைவண்டி அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, இந்த உண்மையை அளந்து காட்டினார். ஒரு தடவையில் முறிக்க முடியாத சிறு சுமையும் பல்லாயிரம் தடவை மாறி மாறி வந்தால் முறித்துவிடும் என்பது அவர் கண்ட முடிபு. ஆயினும் நல்ல வில் இதனையும் தாங்கும். நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும் மோட்டார் எஞ்சின் ஒன்றிலே ஒவ்வொரு வால்வு வில்லும் நிமிடத்துக்கு 1500 தடவை அமுங்கி எழுகின்றது. ஒரு மணி நேரத்தில் 90,000 தடவை. அத்தகைய எஞ்சின்கள் பல ஆண்டுகள் ஓடுவதை நாம் காண்கின்றோம்.

இதனால் வணிகரின் மாதாந்த வழக்கம் வில்லுக்கு ஓய்வு கொடுக்கவில்லை; மாறாக வேலையே கொடுத்தது. ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை என்பது வில்லுக்கு ஒரு பொருட்டன்று என்பது வேறு. ஆயின், ரவையைக் கழற்றி ஏற்றும் ஒவ்வொரு வேளையும் கவனக்குறைவுக்கு ஒரு வாய்ப்பு அன்றோ? அதை அவர் எண்ணவில்லை.

இங்கே சில விலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். குறுகிய கூட்டிலே கூடிய ரவைகளை அடைக்கும்படி செய்யப்பட்டவற்றில் வில் தன் எல்லைக்கு அண்மையிலேயே வேலை செய்கின்றது. அத்தகைய கூட்டில் ஓரிரண்டு ரவைகளைக் குறைத்து இடுவோர் உண்டு. காலம் செல்லக் கூட்டின் வாயோரம் விரிவதும், கீழே விழுந்து நசுங்குவதும் வில்லின் தளர்ச்சியைவிடப் பெரிய குறைகள். எல்லாவற்றிலும் பெரிய பகை துரு. இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. இங்கே தோலுறையில் வைத்த பித்தளை ரவை பச்சை பூக்கும். துருவின் சிறு குழியிலிருந்து வில்லின் வெடிப்புத் தொடங்கும். வில்லை மாற்றுவது சிறு செலவு. துருவைப் பாராமல் விடுவது பெருங்கேடு.

ஆகவே முதல் விடை இதுதான். நல்ல உருக்கு வில், அளவான சுமையுடன், துருப்பிடியாமல் இருக்குமாயின், நிறைத்து வைத்த ரவைக்கூட்டிலே ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும். அது தளராது. ஆனால், அது காத்திருக்கும் வீடு எப்படி இருக்கும் என்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பௌதிகம் விடை சொல்லாது.

நம் மலைகளிலே துவக்கு ஒருகாலத்தில் பங்களாவுக்கு உரிய பொருளாயிருந்தது. வெள்ளைத் துரைமார் 1900ஆம் ஆண்டிலே தமக்கென்று தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். 1949ஆம் ஆண்டுவரை அது நிலைத்தது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அது விதித்தது. லயத்துக் காம்பிராவிலே துவக்கு இல்லை. அங்கே கவ்வாத்துக் கத்தியும், பால் வெட்டும் கத்தியும், மண்வெட்டியுமே இருந்தன.

துவக்கு வைத்திருந்தவர் எல்லாரையும் கோழைகள் என்றோ கொடியவர் என்றோ நாம் சொல்ல வரவில்லை. அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் தெரணியகலைப் பகுதியிலே நூரி தோட்டத்தின் அத்தியட்சகர் ஒரு கும்பலாற் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காகப் பிரதேச சபைத் தலைவராக இருந்த ஒருவர் உட்படப் பலருக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இரத்தினக்கல் உள்ள வீட்டிலே கள்வர் பயம் இருப்பதும் உண்மை. வெள்ளம் வருமுன் அணை கட்டுவது அறிவுடைமை. நாம் கேட்பதெல்லாம், துவக்கு அந்த அணையாகுமா என்பதே.

1971ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தபோது, கேகாலை மாவட்டம் அதன் முக்கிய களங்களுள் ஒன்றாயிற்று. கிளர்ச்சியாளரிடம் இருந்த ஆயுதங்கள் எவை? கையாலே செய்த குண்டுகளும், வீடு வீடாகச் சென்று சேர்த்த வேட்டைத் துவக்குகளுமே பெரும்பாலானவை. வீட்டைக் காக்கவென்று வாங்கி வைத்த துவக்கே அன்று வீட்டு வாசலுக்கு ஆட்களை அழைத்து வந்தது.

அதனை நாமும் ஒரு முறை கண்டோம். அது 1989ஆம் ஆண்டு. எமக்கு ஒன்பது வயது. எம் தந்தையார் காவத்தைப் பக்கத்திலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். ஒரு நள்ளிரவில் முகத்தை மூடிய சிலர் வந்து, எம் வீட்டுக் கதவைத் தட்டி, "பங்களாவில் துவக்கு எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று சிங்களத்திலே கேட்டார்கள். தந்தையாருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னதை அவர்கள் நம்புவதற்கு நெடுநேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் அவர் முற்றத்திலே முழங்காலில் நின்றார். துவக்கு பங்களாவினுடையது, அதன் பாரம் எம் வீட்டின்மேல் விழுந்தது. பங்களாத் துவக்கு அன்றிரவே போய்விட்டது. அது யாரையும் காக்கவில்லை.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இன்னொன்று. சபரகமுவத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களை 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் வாட்டியதை முதியோர் அறிவர். 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் லயங்கள் எரிந்தன. பலர் ஊரை விட்டே வடக்கு நோக்கிப் போனார்கள். அப்போது நாம் கைக்குழந்தை. எம் அன்னையார் எம்மைச் சேலையிலே கட்டிக்கொண்டு, இறப்பர் மலையிலே மூன்று இரவுகள் ஒளிந்திருந்தாராம். துரை பங்களாவில் இரட்டைக்குழல் துவக்கு அப்போதும் இருந்தது. அதற்கு இரண்டு தோட்டாக்கள். பாதையிலே வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அது வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் பங்களாவும் எரிந்திருக்கும் என்பார் அன்னையார்.

அந்த மூன்று நாள்களும் சோற்றுப் பொதியும், எமக்குக் கொதித்தாறிய நீரும் கொண்டுவந்து தந்தவர் அயற் கிராமத்திலே பால் வெட்டிய ஒரு சிங்கள முதியவர். பிற்காலத்தில் அவரை நாம் 'சீயா' என்று அழைத்தோம். கும்பல் வந்து கேட்டபோது, "எல்லாரும் நேற்றே லொறி ஏறிப் போய்விட்டார்கள்" என்று அவர் சொல்லித் திருப்பிவிட்டார். அவரிடமும் துவக்கு இல்லை. அவருக்கும் எம் தந்தையாருக்கும் இடையே இருந்தது பத்து ஆண்டுக்காலப் பழக்கம். பெருநாளுக்குப் பலகாரம் மாற்றிக்கொண்ட பழக்கம். எல்லா இடத்திலும் அவ்வாறு ஒருவர் இருந்தார் என்று நாம் சொல்லவில்லை. இல்லாத இடங்களில் என்ன நிகழ்ந்தது என்பதையும் நாம் அறிவோம். ஆனால் எம் உயிர் எதனாலே தப்பியது என்று கேட்டால், வேறு விடை சொல்ல எமக்கு உரிமையில்லை.

நிறைத்து வைத்த துவக்கைப் பற்றி இம்மலைகள் கற்பிக்கும் மற்றொரு பாடம் கட்டுத்துவக்கு. பன்றி பயிரை அழிக்கின்றதென்று, குழாயிலே மருந்தும் சன்னமும் இட்டு, பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி, காட்டோரத்தில் விட்டுச் செல்கின்றனர். சட்டம் அதனைத் தடை செய்கின்றது. எனினும் அது ஒழிந்தபாடில்லை. அதற்கு உறக்கமில்லை, மறதியில்லை, நூலை இழுப்பது பன்றியின் காலா, விறகுக்குப் போன பெண்ணின் காலா என்று பார்க்கும் கண்ணுமில்லை. இருட்டிலே பால் வெட்டப் புறப்படுவோர் அதற்குப் பலியாவதைச் செய்தித்தாள்களில் காண்கின்றோம்.

தலையணைக்கு அடியிலே நிறைத்து வைத்த கைத்துப்பாக்கிக்கு ஒரு கண் இருக்கின்றது. அது உரியவரின் கண். ஆனால் நள்ளிரவில் திடுக்கிட்டு விழித்த கண் எத்துணை தெளிவாகப் பார்க்கும்? கதவருகே நிற்பவன் கள்வனா, நேரம் கழித்து வந்த மகனா? அலுமாரியைத் திறந்த பேரப்பிள்ளை அது விளையாட்டுப் பொருள் அன்று என்பதை எப்படி அறியும்? துப்பாக்கிகள் மலிந்த ஐக்கிய அமெரிக்காவிலே மருத்துவர் ஆதர் கெலர்மன் முதலியோர் 1993ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் அபாயம், துப்பாக்கி இல்லாத ஒத்த வீட்டைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். அந்த முடிபைப் பற்றி அந்நாட்டில் இன்றும் வாதம் நடக்கின்றது. எனினும், அந்த வீடுகளில் கொன்றவர்களுட் பலர் கொல்லப்பட்டவரின் உறவினரோ அறிந்தவரோ என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் அந்த மாணவனுக்கு ஒரே நாளில் நாம் சொல்லவில்லை. வில்லின் கணக்கை வகுப்பிலே செய்தோம். மற்றதைப் பாடசாலை விட்டபின் மரநிழலிலே பேசினோம். "மாமாவிடம் நான் என்ன சொல்ல வேண்டும், சேர்?" என்று அவன் கேட்டான். "வில் தளராது என்று சொல். ஆனால், வீட்டிலே பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? துப்பாக்கியிலிருந்து ரவைக்கூட்டைக் கழற்றி, குழலுக்குள்ளும் ரவை இல்லை என்று பார்த்து, துப்பாக்கியை ஒரு பூட்டுக்குள்ளும் ரவைகளை வேறொரு பூட்டுக்குள்ளும் வைக்கச் சொல். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்," என்றோம். "அப்படி வைத்தால் திருடன் வரும்போது எடுக்க நேரமிராதே!" என்றான் அவன். "கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போட்டால் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் 119ஐ அழைக்கலாம், அயலவரைக் கூப்பிடலாம்," என்றோம். அவன் முழுவதும் இணங்கியதாகத் தெரியவில்லை. இணங்காமல் எண்ணிப் பார்ப்பதும் மாணவனுக்கு அழகே.

அதன் பின்னர், 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, தற்பாதுகாப்புக்கென அனுமதி பெற்ற துப்பாக்கிகளையும் ரவைகளையும் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. வணிகரும் தம்முடையதை ஒப்படைத்தார். வீட்டைச் சுற்றி விளக்குப் போட்டு, இரண்டு நாய்களை வளர்த்து, பக்கத்து வீட்டாருடன் நெடுநாளாக இருந்த வேலித் தகராறையும் அவர் தீர்த்துக்கொண்டதாக அந்த மாணவன் வந்து சொன்னான். வேலித் தகராறு தீர்ந்த செய்தியே எமக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

தோட்டத்து வீடாயினும் நகரத்து வீடாயினும், காவல் வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. தாழ்ப்பாளும் விளக்கும் காவல். கூப்பிட்டால் வருகின்ற அயலவன் அவற்றினும் பெரிய காவல். அந்தக் காவலை ஒரே நாளில் கடையிலே வாங்க முடியாது. துன்பம் வராத நாள்களிலேதான் தேடிக்கொள்ள முடியும். பொங்கலுக்கும் வெசாக்குக்கும் பலகாரத் தட்டு எந்த எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை இந்த ஆண்டே பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.